நல்ல படம் ஒண்டுதான்

வெரிபீயில் வந்து ஈஸ்வரமூர்த்தி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பூக்கோவா மூர்த்தி என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரனே வெளியில் வந்து வீட்டைக் காட்டுவான். கடற்கரைப் பக்கம் இருக்கிற மரக்கறித் தோட்டத்தில் பூக்கோவா, அதுதான் கோலிபிளவர், வெட்டுகிற ஆள். குனிந்தால் நிமிரவிடாத வேலை. மழையோ, எலும்புக்குள் இறங்குகிற தெற்குக் காத்தோ, பூக்கோவாவுக்கு அதெல்லாம் தெரியாது. வெட்டுகிற நாளில் வெட்டத்தான் வேணும்.

ஊரில் இருந்து வள்ளத்தில் கடல் தாண்டி இந்த நாட்டில் வந்து இறங்கிக் கொஞ்சக் காலத்திலேயே மூர்த்தி அந்தத் தோட்டத்துக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அங்கேதான். கையில் இருப்பது ஒரு தற்காலிக விசா. இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் மட்டும் திரும்பி வர ஏலாது. அந்தச் சாதி விசா.

இருப்பது சத்தியபாமா அன்ரியின் வீட்டில், ஒரு அறையில். அங்கிள் காலமான பிறகு அன்ரி அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு இருக்கிறா. மனிசி சடங்கு சம்பிரதாயம் என்று வந்தால் ஒரு நூல் விலக விடமாட்டா. வாய் பொல்லாதது. ஆனால் மூர்த்தி வேலையால் வரப் பிந்தினால் சோத்தை மூடிவைத்து, அதன் மேல் ஒரு தட்டையும் கவிழ்த்து, தட்டின் மேல் ஒரு அதட்டலையும் வைத்துவிட்டுத்தான் படுப்பா.

பக்கத்து அறையில் முந்தி நரேன் இருந்தவன். கோயம்புத்தூர்ப் பெடியன், கம்பியூட்டர் வேலை. பார்கவியைக் கட்டிக்கொண்டு ரோவில் என்கிற ஊர்ப் பக்கம் வீடு எடுத்துப் போகிறபோது தன்னுடைய பழைய லப்டொப்பை மூர்த்தியிடம் கொடுத்தான்.

"அண்ணே, இதுல விண்டோஸ் இல்ல, லினக்ஸ் போட்டிருக்கேன். வைரஸ் கிட்டயே வராது."

"எனக்கு என்னத்தைப் போட்டால் என்ன நரேன். அக்காவின்ர முகம் தெரிஞ்சால் காணும்."

அக்கா என்றால் இரஞ்சிதம். கிளிநொச்சியில் மகள் ராகவியோடு இருந்தவா. மூர்த்திக்கு ஊரில் மிஞ்சிய உடன்பிறப்பு அவ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதை. கதை என்றால் பெரிய கதை ஒன்றும் இல்லை. என்ன சமைச்சனி, மழையோ, கால் நோ எப்பிடி. அவ்வளவுதான். ஆனால் அந்த மனிசிக்கு போன் பிடிக்கத் தெரியாது. எந்த நாளும் நெற்றியும் கூரை விசிறியும்தான் தெரியும். மிச்ச நாள் காது.

"அக்கா, போனைக் கீழ பிடி. விசிறியைத்தான் பாக்கிறன்."

"அப்ப விசிறியோட கதையன். அது என்னைவிட நல்லாக் காத்து வீசும்."

நரேன் போகும்போது ஒரு பொத்தானைக் காட்டிவிட்டுப் போனான். அதை அமத்தினால் திரையில் நிற்கிறது அப்படியே படமாகி உள்ளுக்குப் போய்விடும். மூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு ஞாயிறும் கதை முடிகிற நேரம் ஒருக்கா அமத்துவான். நெற்றி, விசிறி, காது, அடுப்பில் கிடக்கிற சட்டி, எல்லாம் படமாகிச் சேர்ந்து கிடந்தது. எந்தப் படத்தை எடுத்தாலும் மேலே ஒரு மூலையில் சின்னப் பெட்டிக்குள் மூர்த்தியின் முகம். அதை அவன் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே.

நல்ல படம் ஒன்றே ஒன்று இருந்தது. போன ஆடிக் குளிருக்குள் எடுத்தது, இங்கே ஆடியில்தான் குளிர். அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு ராட்சதப் பூக்கோவா அகப்பட்டது. அதைக் கொண்டுவந்து, தன்னுடைய கம்பளித் தொப்பியை அதன் தலையில் போட்டு, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அக்காவுக்குக் காட்டினான். அக்கா போனைச் சீனி டின்னில் சாத்திவைத்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"எடேய், உன்னைவிட அது வடிவா இருக்கடா! அதுக்கு ஒரு பொம்பிளை பாப்பம்!"

போன் நேராக நின்ற ஒரே நாள் அது. அந்த நேரம் பார்த்து அமத்திவிட்டான். கண் இடுங்கி, கீழ்ப்பல் தெரிய, முழு முகமாக அக்கா.

இந்த மாசியில் அக்கா செத்துப்போனா. காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மூர்த்தி போகவில்லை. போனால் திரும்பி வர ஏலாது, அங்கே போயும் அவன் இருக்க ஏலாது. செத்தவீட்டைத் திரையில்தான் பார்த்தான். யாரோ ஒரு பெடியன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அன்றைக்கு மூர்த்தி அந்தப் பொத்தானை அமத்தவில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் பெரிய வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. கிரியை எல்லாம் அங்கே ராகவி வீட்டில். இங்கே மூர்த்தி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவின் படத்தை வைத்து, ஒரு மாலை போட்டு, விளக்கேற்றி, படைத்து, தோட்டத்தில் கூட வேலை செய்கிற ஆட்களுக்கு ஒரு நேரச் சோறு போட வேணும். அன்ரி ஓம் என்றா. "நான் தேவாரம் படிக்கிறன், நீ படத்துக்கு வழியைப் பார்."

படம் அனுப்புகிறேன் என்று ராகவி சொல்லியிருந்தாள். அனுப்பினாள். வியாழக்கிழமைதான் வந்தது. அடையாள அட்டைப் படம். அன்ரி அதைப் போனில் வாங்கி, கடை பூட்ட முன்னம் ஓடிப்போய்ப் பெரிதாக்கி, சட்டமும் போட்டுக் கொண்டுவந்தா. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின கிழமை தோட்டத்தில் தலைபோகிற வேலை. மூர்த்தி வீட்டுக்கு வரும்போது படம் கதிரையில் சாத்தி இருந்தது.

பார்த்தான். இறுகின வாய். வெளிறின முகம். காமராக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்து இருந்த மாதிரி ஒரு பார்வை.

"இது ஆர் அன்ரி?"

"விசர்க் கதை கதைக்காதை. உன்ர கொக்காதான்."

"இது அக்கா இல்லை."

சொல்லிப்போட்டுப் போய் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் சிரிக்கிற படத்தைக் காட்டினான். அன்ரி கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் பார்த்தா. முகம் இளகினது. உடனே திரும்ப இறுகினது.

"மூலையில இருக்கிறது நீயோ?"

"ஓம்."

"உயிரோட இருக்கிறவன்ர படத்துக்கு மாலை போடுறதே? மாட்டன். என்ர வீட்டில நடக்காது."

"அப்ப என்னை வெட்டிப்போட்டு வையுங்கோ."

அன்ரி திரும்பவும் குனிந்து பார்த்தா. அவன் முகம் இருந்த பெட்டி அக்காவின் தலைமயிரில் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றது. "சரி. நாளைக்குக் காலமை அச்சடிச்சுத் தா. அந்த மூலையைக் கத்தரிக்கோலால எடுத்திட்டு, மாலையால மறைச்சு விடுறன். படையலுக்கு முன்னம் தர வேணும். இல்லாட்டி இந்தப் படம்தான்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. நாடே பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்ததோ அன்ரியின் மகள் விட்டுப்போன பழைய பிரிண்டர் ஒன்று. லப்டொப்பில் படத்தைத் திறந்து பிரிண்ட் என்று கிளிக் பண்ணினால், ஏலாது என்று சொல்லித் தானே மூடிக்கொண்டது. மூர்த்தி நரேனுக்குப் போன் அடித்தான். நரேன் பார்கவியோடு காட்டுப் பக்கம் கூடாரம் போடப் போய்க்கொண்டு இருந்தான். கார் ஓடுவது அவள்.

"அண்ணே, அந்தப் பழைய பிரிண்டருக்கு மவுஸ்ல சொன்னா கேக்காது. டெர்மினல்ல தான் சொல்லணும். படம் இருக்கற ஃபோல்டர்லயே ரைட் கிளிக் பண்ணா கறுப்பா ஒரு ஜன்னல் வரும், அத திறங்க."

திறந்தான். கறுப்பு. அதில் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நின்றது.

"இப்ப எல், பி. ஒரு இடைவெளி. அப்புறம் படத்தோட பேரு. அப்படியே அடிங்க."

கத்தி பிடித்துக் காய்த்த விரல். ஒரு விரலால் தேடித் தேடிக் குத்தினான். படத்தின் பெயரோ இரயில் பெட்டி மாதிரி நீளம். திகதி, நேரம், நடுவில் இடைவெளிகள். குத்தி முடித்து அமத்தினான்.

"இல்லையாம் நரேன்."

"என்ன இல்லையாம்?"

"அப்பிடி ஒரு படமே இல்லையாம். கண்ணுக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு இருக்கிறா, இல்லை எண்டுது."

"பேருக்கு நடுவுல கேப் இருக்குல்ல, அதான் குழப்புது. மேற்கோள் குறி போட்டு அடிங்க."

மேற்கோள் குறியைத் தேடினான். ஒன்றைப் போட்டான், மற்றதை விட்டான். கறுப்பு ஜன்னல் ஒன்றும் சொல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நரேன் வெளியில் வர ஒரு வழி சொன்னான். திரும்ப அடித்தான். திரும்ப இல்லையாம். இடையில் நரேன், "படத்த போன்ல அனுப்புங்கண்ணே, நான் ஏஐல போட்டு உங்க மூஞ்சிய தொடச்சுத் தர்றேன்" என்றான். அனுப்பினான். திரும்பி வந்த படத்தில் மூர்த்தி இல்லைத்தான். ஆனால் அக்காவுக்குப் பல் எல்லாம் வரிசையாக முளைத்திருந்தது, காதில் கல்லுத்தோடு.

"இந்த மனிசியை எனக்குத் தெரியாது நரேன்."

"மன்னிச்சிக்கங்கண்ணே."

மலைப் பாதையில் நரேனின் குரல் வெட்டி வெட்டி வந்தது. பின்னால் பார்கவி, "சீக்கிரம் சொல்லுங்க, இன்னும் கொஞ்ச தூரத்துல சிக்னல் போயிடும்" என்று சொல்வது கேட்டது.

"அண்ணே, கடைசியா ஒண்ணு. அந்த ஃபோல்டர்ல எத்தன படம் இருக்கு? ஒண்ணுதானே?"

மூர்த்தி திரையைப் பார்த்தான். "ஓம். நல்ல படம் ஒண்டுதான்."

அவனைக் குற்றம் சொல்ல ஏலாது. அவன் மனசில் அங்கே இருந்தது ஒரு படம்தான். விசிறியையும் காதையும் யார் எண்ணுவது?

"அப்ப பேரே வேணாம். எல், பி, ஒரு இடைவெளி, ஒரு ஸ்டார். ஸ்டார்னா ஃபோல்டர்ல இருக்கறதுன்னு அர்த்தம். எட்டாம் நம்பருக்கு மேல இருக்கும். அவ்ளோதான், எண்டர் தட்டுங்க."

தட்டினான். இந்த முறை இல்லை என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு வரி எழுதி, ஒரு இலக்கம் கொடுத்து, அடக்கமாக நின்றது.

"கேட்டிட்டுது நரேன்! நரேன்? ஹலோ?"

லைன் போய்விட்டது. பிரிண்டரைப் பார்த்தான். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. மூடியைத் தட்டினான். தாளை எடுத்துத் திரும்ப வைத்தான், கட்டுத் தாள் முழுவதையும் வைத்தான். சும்மா கிடந்தது. படையலுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அன்ரி கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தா. அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அன்ரி போய் அடையாள அட்டைப் படத்துக்கு மாலையைப் போட்டா.

தோட்டத்து ஆட்கள் குளித்து வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நிலத்தில் இருந்தார்கள். சிறி, பிரதீப்குமார், இன்னும் நாலைந்து பேர். வாழையிலை இல்லை, தாள் இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூக்கோவாக் கறி. விளக்கேற்றினது. அன்ரி தேவாரம் எடுத்தா. மூர்த்தி மாலை போட்ட அந்தப் படத்துக்கு முன்னால் இருந்து கும்பிட்டான். கும்பிட்டானே தவிர கண் அதில் ஒட்டவில்லை. யாரோ ஒரு மனிசி முறைத்துக்கொண்டு இருந்தா.

பிரதீப்குமார் உதவிக்காரன். ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. மூலையில் சோறு காய்ச்சுகிற குக்கர் இன்னும் சூட்டில் இருப்பதைக் கண்டு, அதைக் கழற்றிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து பார்த்தால் சுவரடியில் ஒரு வயர் கழன்று கிடந்தது. குக்கருக்கு இடம் வேணும் என்று விடியவே அன்ரி கழற்றிவிட்ட வயர். அதை எடுத்துச் செருகினான்.

பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டது. பச்சை வெளிச்சம். உள்ளுக்குள் ஏதோ உருண்டது. முதல் தாள் வெளியில் வந்து நிலத்தில் விழுந்தது. விசிறி.

மூர்த்தி திரும்பிப் பார்த்தான். இரண்டாவது தாள். நெற்றி. மூன்றாவது. திரும்ப விசிறி. அன்ரி தேவாரத்தை விடவில்லை, ஆனால் கண் அங்கே போய்விட்டது. பாடி முடித்த கையோடு கேட்டா, "என்ன கோதாரி இது?"

"எல்லாத்தையும் அடிக்குது அன்ரி."

"ஆர் எல்லாத்தையும் கேட்டது?"

"நான்தான் போல."

தாள் வந்து விழ விழ ஆட்கள் எடுத்துப் பார்த்தார்கள். சிறி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "மூர்த்தி அண்ணை, எல்லாத்திலயும் நீங்கள் மட்டும்தான் வடிவா விழுந்திருக்கிறியள்." ஒருவர் சிரித்தார். பிறகு சிறிக்கே அது பிழையாகப் பட்டிருக்க வேணும், தாளை மெல்லக் கீழே வைத்துவிட்டான்.

"வயரை இழு பிரதீப்," அன்ரி சொன்னா. "படத்துக்கு முன்னால இவன்ர முகம் மழையாக் கொட்டுது. நல்லதுக்கில்லை."

பிரதீப்குமார் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதை!"

மூர்த்தி இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அன்ரி, அது வரிசையா வருது. முதல் வருசத்தில இருந்து வருது. இப்பிடியே போனால் அந்தப் படமும் வரும். வந்தால் உடன மாத்தி வைக்கலாம். கொஞ்சம் பொறுங்கோ."

"அப்ப இதை நிப்பாட்டிப்போட்டு அதை மட்டும் அடியுங்கோவன்," பிரதீப்குமார் சொன்னான்.

"எப்பிடி நிப்பாட்டுறது? அவன் எனக்கு அடிக்கத்தான் சொல்லித் தந்தவன். நிப்பாட்டச் சொல்லித் தரேல்லை."

நரேனுக்குப் போன் அடித்துப் பார்த்தான். ஒரு பொம்பிளையின் பதிவுக் குரல் இங்கிலிஷில் சொன்னது, ஆள் எட்டாத இடத்தில் என்று. வயரை இழுத்தால் என்ன நடக்கும்? முதலில் இருந்து தொடங்குமோ, இருக்கிறதையும் மறந்துபோகுமோ? தெரியாது. தெரியாத ஒன்றைத் தொட அவனுக்குத் துணிவு இல்லை. பிரிண்டருக்கு முன்னால் போய்ச் சப்பாணி கட்டி இருந்தான். வருகிற தாளைக் கையால் ஏந்தி வாங்கினான்.

ஆட்களுக்குச் சோறு போட்டாகிவிட்டது. காகத்துக்கு அன்ரி முன்னமே வைத்துவிட்டா. பிரிண்டர் தன்பாட்டில் போட்டுக்கொண்டு இருந்தது. காது. சட்டி. ராகவியின் முதுகு. ஒரு மழை நாளின் ஜன்னல். முதலில் நீலம் குறைந்தது. விசிறிகள் எல்லாம் வெளிறின ரோசாவில் வந்தன. பிறகு மஞ்சள் போனது. பிறகு சாம்பல் கோடு கோடாக வந்தது. மூர்த்திக்கு விளங்கிவிட்டது. மை முடிகிறது. இந்த நாளில் மை விற்கிற கடை எங்கே திறந்திருக்கும்? எத்தனை விசிறிக்கு அந்த மையைக் கொட்டியாகிவிட்டது!

"வந்திடும்," என்று அவன் தனக்கே சொன்னான். "குளிருக்கால உடுப்புப் போட்டிருக்கிறன், பாருங்கோ. கிட்ட வந்திட்டுது."

அன்ரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றா. சோறு தின்றுகொண்டிருந்தவர்களும் கையை இலையில் வைத்தபடி பார்த்தார்கள்.

தாள் நகர்ந்தது. முதலில் மேல் மூலை. மூர்த்தியின் முகமும் தொப்பி போட்ட பூக்கோவாவும் கறுப்பாக, தெளிவாக வந்தன. அடுத்து அக்காவின் தலை உச்சி. வகிடு. நெற்றி, பொட்டு. இடுங்கின இரண்டு கண்.

"அக்கா," என்றான்.

மூக்கு பாதி வந்தது. அதற்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே இன்னும் மங்கின சாம்பல். பிறகு வெள்ளை. சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். அது அவன் கையில் வந்து விழுந்தது, சூடாக.

அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அன்ரியிடம் நீட்டினான். அன்ரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. சரித்துப் பார்த்தா. அந்த மனிசியின் வாயில் வழமையாக வருகிற அதட்டல் வரவில்லை.

"இதுக்கு மாலை போடேலாது தம்பி. நீதான் முழுசா இருக்கிறாய்."

"ஓம் அன்ரி."

"நாளைக்கு மை வாங்கி அடிப்பம். நான் சட்டம் போட்டுத் தாறன்."

"நாளைக்கு முப்பத்திரண்டு."

அன்ரி கத்தரிக்கோலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றா.

பிரிண்டர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெள்ளை. ஒரு புள்ளி கூட இல்லாத வெள்ளை. உள்ளே அது அதே மாதிரித்தான் உருண்டது, அதே மாதிரித்தான் அங்கும் இங்கும் ஓடி அடித்தது. மூர்த்தி ஒவ்வொன்றாக ஏந்தி வாங்கி, ஓரம் தட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மடியில் அடுக்கினான்.

"இது ஐப்பசி," என்றான், வெறுந்தாளைப் பார்த்து. "தீபாவளிக்கு ராகவி சீலை எடுத்துக் குடுத்தவள், அதைக் காட்டினவா." அடுத்ததை வாங்கினான். "இது கால் வீங்கின நேரம். எனக்குச் சொல்லேல்லை. போனை மேல பிடிச்சுக்கொண்டு கதைச்சா, கால் தெரியாமல்."

சிறி எழும்பிப் போய்க் கையைக் கழுவினான். பிரதீப்குமார் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றான், தான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மூர்த்தியின் தோளைத் தொட்டுவிட்டு, போயிட்டு வாறம் என்று சொல்லாமல் வெளிக்கிட்டார்கள். செத்தவீட்டுப் பழக்கம் அது.

அன்ரி ஒரு இலையில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தா.

"எழும்பு மூர்த்தி. சோறு ஆறுது."

"இன்னும் வருது அன்ரி," என்றான் அவன், கையை ஏந்தியபடி.